நாய்க்கு இருபத்திரண்டு தையல்

வெள்ளவத்தையில் ஏறிய இருவர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டு.

"எனக்கு ஏழு தையல், நாய்க்கு இருபத்திரண்டு" என்று அவர் உரத்துச் சொன்னதும் நான் கடலைப் பார்ப்பதை விட்டேன்.

"என்னடாப்பா நடந்தது?" என்றார் மற்றவர்.

"வன்னியிலை சித்தப்பாவோடை காட்டுப் பண்டி வேட்டைக்குப் போனனான். அவற்றை நாலு நாயும் பண்டியை முள்ளுப் பத்தைக்குள்ளை மறிச்சு வைச்சுக் குலைக்குது. மோட்டார் சைக்கிள் அளவு பண்டி மச்சான்! நான் சந்தோசத்திலை 'பிடி வீரன், பிடி வீரன்' எண்டு கத்திப்போட்டன்."

"அதிலை என்ன பிழை?"

"மறிச்சு நிக்கிற நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். கூப்பிட்ட ஆளைத் திரும்பிப் பாக்குமாம். வீரனும் திரும்பினது. பண்டி அதின்ரை விலாவைக் கிழிச்சுக்கொண்டு நேரை என்னட்டை வந்திட்டுது!"

"ஐயோ!"

"காலைக் கிழிச்சு விழுத்திப்போட்டுது. அடுத்தது வயிறுதான். ரத்தம் ஒழுக ஒழுக வீரன் பாய்ஞ்சு அதின்ரை காதைக் கவ்வினது. சித்தப்பா ஈட்டியாலை குத்துமட்டும் விடேல்லை!"

கண்டக்டர் நீட்டிய கையை இருவரும் கவனிக்கவில்லை.

"இப்ப நாய் எங்கை?"

"எங்கட ஃபிளாட்டிலை. வைத்தியத்துக்குக் கொண்டந்தனான். நல்லாச் சாப்பிடுது, என்ரை காலடியிலைதான் படுக்குது. ஆனா வீரன் எண்டு கூப்பிட்டா மட்டும்..."

"கடிக்க வருதே?"

"இல்லை மச்சான். எழும்பி, கதவைப் பாத்துக்கொண்டு அசையாமல் நிக்குது. என்ரை பக்கம் திரும்புதே இல்லை."