ஞாயிறு மட்டும் அறுகிற லைன்

— தமிழிலயே சொல்லுங்கோ, தங்கச்சி. இப்ப வாய்க்குள்ள ‘ஐயையோ’ எண்டது எனக்குக் கேட்டது.

— சார், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது.

— ஆகட்டும். எட்டுத் தரம் இங்கிலீசில சொல்லிப் பாத்திட்டன். ஒன்பதாவது தரம் தமிழில சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

— சரி சார். சென்னைல கால் சென்டர்ல இருந்து பேசறேன். ஆபீஸ்ல சாலி, வீட்டுல சத்தியபாமா. உங்க இன்டர்நெட் கம்ப்ளெயின்ட் எல்லாத்தையும் இப்பத்தான் வரிசையாப் பார்த்தேன், அதான் ‘ஐயையோ’. எட்டு தடவை கூப்பிட்டிருக்கீங்க. எட்டும் ஞாயித்துக்கிழமை.

— ஜசிந்தன் எண்டு சொல்லுங்கோ. மெல்பேர்னில என்னை ஒருத்தரும் சார் எண்டு கூப்பிடுறேல்லை. ஓம், ஞாயிறுதான். ஆறு மணிக்கு வவுனியாவில இருந்து மனுசி ஸ்கைப்பில வருவா. படம் வரும். ‘கேக்குதோ’ எண்டுவா. நான் ‘ஓம்’ எண்டுவன். உடன மோடத்தில இன்ரநெற் லைற் அணைஞ்சு போயிடும்.

— திரும்ப வராதா?

— நாலு நிமிசத்தில வரும். பிறகும் போகும். அதுக்குள்ள அவவின்ர அரை மணித்தியாலம் முடிஞ்சிடும். வீட்டில இருந்து கதைக்கிற ஆள் இல்லை, தங்கச்சி. பஸ் எடுத்து டவுனுக்கு வந்து, கடையில கொம்பியூட்டருக்கு முன்னால கதிரை பிடிச்சு இருக்கிறா. பின்னால ஆக்கள் வரிசையில நிப்பினம்.

— இப்ப அங்க மணி என்ன?

— அஞ்சே முக்கால். இண்டைக்கும் ஞாயிறுதான். இண்டைக்கு மகளுக்கு நாலு வயசு.

— அடடா. சரிண்ணா, பதினஞ்சு நிமிஷம் இருக்கு, பார்த்துடலாம். ஃபோன்ல ஃபில்டர் போட்டிருக்கீங்களா?

— ஃபில்டர் மாத்தினனான். வயர் மாத்தினனான். மோடமும் புதுசு. உங்கட டெக்னீசியன் வந்து சுவரில இருந்ததைக் கழட்டிப் பாத்து, ரோட்டோரக் குழியைத் திறந்து பாத்து, ‘லைன் தங்கம் மாதிரி, மச்சான்’ எண்டு தோளில தட்டிப்போட்டுப் போனவர்.

— என்னிக்கு வந்தாரு?

— செவ்வாய் காலமை.

— அதான். செவ்வாய்க்கிழமை உங்க லைன் தங்கம்தான். என் ஸ்கிரீன்ல ஒரு நம்பர் இருக்குண்ணா. லைன்ல வர்ற இரைச்சலுக்கு மேல உங்க சிக்னல் எவ்வளவு தலை தூக்கி நிக்குதுன்னு காட்டும். பன்னெண்டு இருந்தா நிம்மதி. ஆறுக்குக் கீழ இறங்கினா மூச்சுத் திணறி அறுந்துடும். உங்களுக்கு இப்ப பன்னெண்டு. வாரம் பூரா பன்னெண்டு. ஞாயிறு சாயந்திரம் ஆனா மட்டும் மூணு.

— அதைத்தான் ஆரூரனும் சொல்லுறவன், என்ர அறைக்காரப் பெடியன். கிழமை முழுக்கப் படம் பாக்கிறான், ஒண்டும் ஆகிறேல்லையாம். ‘அண்ணை, உங்கட முகத்தைக் கண்டுதான் இன்ரநெற் ஓடுது’ எண்டு பகிடி.

— மத்த நாள் நடக்காதது, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல என்ன நடக்குது?

— நான் நிப்பன். வேறென்ன? மற்ற நாளில பின்னேர ஷிப்ட். ட்ருகனினாவில ஒரு கிட்டங்கியில பெட்டி அடுக்கிறன்.

— மைக்ரோவேவ்? ஹீட்டர்? வாஷிங் மெஷின்?

— அந்த நேரம் நான் குசினிப் பக்கமே போறேல்லை. குளிச்சு, சேர்ட் போட்டு, தலை இழுத்து, கொம்பியூட்டருக்கு முன்னால போய் இருப்பன். பொம்பிளை பாக்கப் போற மாதிரி.

— ஒண்ணையும் விடாம சொல்லுங்க. குளிச்சீங்க, தலை வாரினீங்க. அப்புறம்?

— சாமிக்கு லைற் போடுவன். பிறகு இருப்பன்.

— என்ன லைட்?

— ஸ்கைப் தொடங்கேக்கயே மனுசி சொன்னது. விளக்கேத்திப்போட்டுக் கதையுங்கோ, அப்பதான் விசா வரும், எங்களையும் கூப்பிடலாம் எண்டு. இந்த வீட்டில நெருப்புக் காட்ட ஏலாது. ஒரு நாள் கற்பூரம் கொளுத்தி, கூரையில அலாரம் கத்தி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் தண்ணி வாளியோட வந்திட்டான். அதால, கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போட்டு வரேக்க ஸ்பிரிங்வேலில இறங்கி, ஒரு மலிவுக் கடையில மினுக்கு லைற் வாங்கினனான். சாமிப் படத்தைச் சுத்தி ஓடும். வடிவா இருக்கும்.

— மோடம் எங்க இருக்கு?

— படத்துக்குப் பக்கத்தில. ரெண்டும் ஒரே பிளக்கில. இந்த வீட்டில அதுவும் ஒரு சாமிதானே.

— அண்ணா, அந்த லைட்டை இப்பப் போடுங்க.

— இன்னும் ஆறு ஆகேல்லையே.

— போடுங்க. நான் நம்பரைப் பார்க்கறேன்.

— போட்டாச்சு.

— பன்னெண்டு. ஒன்பது. ஏழு. அணைங்கண்ணா, சீக்கிரம்.

— அணைச்சிட்டன்.

— பத்து. பன்னெண்டு. பிடிச்சாச்சு. அந்த லைட்டோட அடாப்டர்தான், மட்டமான சரக்கு. அது மினுக்க மினுக்க இரைச்சலை அள்ளி லைன்ல கொட்டுது.

— எட்டு ஞாயிறு, தங்கச்சி. அவையளோட கதைக்கோணும் எண்டு சாமிக்கு லைற்றைப் போட்டு, நானே என்ர கையால லைனை அறுத்திருக்கிறன்.

— தெரிஞ்சா செஞ்சீங்க? பிளக்கைப் பிடுங்கி வேற ரூம்ல வையுங்க. இன்னிக்கு ஒரு நாள் சாமி இருட்டுல இருக்கட்டும்.

— மகளைப் பத்து மாசக் குழந்தையா விட்டிட்டு, இஞ்ச வரப் போட் ஏறினனான். அப்ப ‘ப்பா, ப்பா’ எண்டு காத்து மட்டும்தான் வரும். இப்ப நல்லாக் கதைக்கிறாளாம், ஊரைக் கூட்டிப் பாட்டுப் படிக்கிறாளாம். எனக்கு ஒரு தரம் ‘அப்பா’ எண்டு சொன்னால் காணும்.

— சாதாரண ஃபோன்ல பேச வைக்கலாமே?

— ஃபோனைக் குடுத்தா வாய் திறக்கமாட்டாள். எல்லாத்துக்கும் ஃபோனைப் பாத்துத் தலையாட்டுவாளாம். ஸ்கைப்பில எண்டா தாயின்ர சட்டைக்குள்ள ஒளிப்பாள். பிறகு மெல்ல ஒரு கண்ணால எட்டிப் பாப்பாள். என்னவோ சொல்ல வாய் எடுப்பாள். அப்பதான் எல்லாம் போகும். எட்டுக் கிழமையா அந்த ஒரு கண்தான் எனக்குக் கிடைச்சது.

— மணி ஆறு ஆகப் போகுது பாருங்க.

— ஓம், ஸ்கைப் அடிக்குது. தங்கச்சி, வைச்சிடாதேங்கோ. அந்த நம்பரைப் பாத்துக்கொண்டே இருங்கோ.

— வைக்கல. பன்னெண்டு. நீங்க பேசுங்க.

— கஜந்தி, கேக்குதோ?

— கேக்குது. இஞ்சருங்கோ, இண்டைக்கு என்ன முகம் முழுசாத் தெரியுது? மெலிஞ்செல்லோ போனியள்.

— என்னை விடும். பிள்ளை எங்க?

— மடியில. ஒளிச்சுக்கொண்டு இருக்கிறா. தாரகா, நிமிருங்கோ. கெதியாச் சொல்லுங்கோ, இப்ப லைன் போயிடும்.

— அவசரப்படுத்தாதையும், கஜந்தி. இண்டைக்குப் போகாது. ஆறுதலா நிமிரட்டும்.

— பன்னெண்டுலயே நிக்குதுண்ணா. அசையல.

— தாரகாக் குஞ்சு, என்னைப் பாருங்கோ. பிறந்தநாள் சட்டை நல்ல வடிவு. ரெண்டு கண்ணும் தெரியுது, என்ர ராசாத்தி. என்னவோ சொல்ல வந்தனீங்கள். சொல்லுங்கோ.

— அம்மா, இந்த மாமா ஏன் இண்டைக்கு இன்னும் போகேல்லை?