பொன்னாடையை மடித்து வையுங்கள்

ஆலையின் ஆண்டு விழாவுக்கு அணிசேர்த்து அவைத் தலைவராக அமர்ந்திருக்கும் நலத்துறை அதிகாரி அய்யா ஆராவமுதன் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் வாட்டசாட்டமாக வீற்றிருக்கும் நம் கால்பந்து அணியின் கேப்டன், கோல்கீப்பர் பாக்கியராஜ் அவர்களே, பொன்னேரியிலிருந்தும் சோழவரத்திலிருந்தும் பஸ் பிடித்தும் பாசஞ்சர் பிடித்தும் வந்து வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, இடுப்பிலே பிள்ளையும் இதயத்திலே பாசமும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, உள்ளே வர அட்டை இல்லாததால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் லோடுமேன் தோழர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ராஜமாணிக்கத்தின் வணக்கம்.

‘பதினாறு ஆண்டுகள் பந்தாடிய ராஜமாணிக்கத்துக்குப் பிரிவு உபசாரம்’ என்று நோட்டீஸ் போட்டிருக்கிறீர்கள். அச்சடித்த அன்புக்கு நன்றி. ஆனால் அச்சடிக்கும் முன்னால், பிரிகிறாயா என்று பிரிகிறவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழா மேடையில் எந்த ஆட்டக்காரன் பொன்னாடை வாங்குகிறானோ, அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான் என்று அர்த்தம். கடிதம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். தோளிலே துணி விழுந்தால் காலிலே பூட்ஸ் கழன்றது. அதனால்தான் மேடையேறியதிலிருந்து அய்யாவின் கைக்கு எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

யார் இந்த ராஜமாணிக்கம்? 1962-இல் பூட்ஸ் மாட்டியவன். பதினாறு வருடத்தில் ஏழு பனியன் மாற்றியவன். ஒரு கம்பெனி கைவிட்டால் மறு கம்பெனி, அந்தக் கம்பெனி அணியைக் கலைத்தால் அடுத்த கம்பெனி. இரண்டாம் டிவிஷனுக்கு மேலே ஒரு நாளும் ஏறாதவன். பின்னால் நின்று தடுக்கிற பேக். நான் போட்ட கோல் எத்தனை என்று கேட்டால் கூசாமல் சொல்வேன், ஒன்றுகூட இல்லை. பத்துப் பந்தை வீணாக்கி ஒரு பந்தை உள்ளே அடித்தவனுக்கு மாலை போடுகிறது இந்த உலகம். பத்துப் பந்தைத் தடுத்து ஒரு பந்தை விட்டவனுக்குப் பட்டப்பெயர் வைக்கிறது.

இன்னாப்பா அங்கே, ‘சங்கு’ன்னு கத்தறது? சொல்றேன், குந்து. அதுக்குத்தான் வந்துக்கினு இருக்கேன்.

1971. வேறொரு ரோலிங் மில்லுக்கு ஆடிக்கொண்டிருந்தேன். சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், முதல் டிவிஷன். ஆளுக்கு ஒரு கோல், ஐந்து நிமிடம் பாக்கி. மைதானத்தை ஒட்டி ஒரு மில். அந்த மில்லின் சங்கு ஊதியது.

ரோலிங் மில்லில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். சங்கு ஊதினால் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போக வேண்டும். பழுக்கக் காய்ந்த கம்பியை அடுத்த ஷிப்டுக்காரன் பிடிப்பான். போகாதவனுக்குக் கால் வெந்துவிடும். ஒன்பது வருடம் உடம்பில் ஏறிய பழக்கம் அது. அன்றைக்குச் சங்கு ஊதியது, என் கால் இரண்டடி பின்னால் போனது, கை தானாக டவுசரில் துடைத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் புகுந்து போனான் எதிரணிக்காரன். கோல்.

அன்றும் கோலில் நின்றவர் இதோ இந்தப் பாக்கியராஜ்தான். ஓடி வந்தார். “இன்னாத்துக்குய்யா நின்ன?” என்றார். “சங்கு ஊதிச்சு” என்றேன். மண்ணில் உட்கார்ந்து சிரித்தார், பிறகு அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த சீசனே அந்த மில் என்னை வெளியே அனுப்பியது. பொன்னேரி ஸ்டேஷனில் நான் இறங்கினால் பிளாட்பாரமே உதட்டைக் குவித்துச் சங்கு ஊதியது. விட்டேனா? விடவில்லை. வீட்டில் முடங்கினேனா? முடங்கவில்லை. முழங்கால் வீங்கியபோது யார் தாங்கினார்கள் தெரியுமா? மீன் விற்றுவிட்டு அதே ரயிலில் திரும்பும் பழவேற்காட்டு ரோசம்மாள். காலிக் கூடையில் மிச்சமிருந்த ஐஸை அள்ளி என் முட்டியில் கட்டிவிட்டவர் அவர். ஒரு வருடம் என் கால் வஞ்சிரம் மாதிரி மணந்தது. ஆனாலும் ஓடியது. ரோசம்மா, வந்திருந்தால் உங்களுக்கு என் கும்பிடு.

போன வாரம் அய்யா என்னை அழைத்தார். “முட்டி இப்படி வீங்கியிருக்கேப்பா, போதும். பந்தும் பூட்ஸும் வைக்கற கிட் ரூம் சாவியை வச்சுண்டு நிழல்ல உட்கார்ந்துக்கோ” என்றார். நல்ல மனசு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அய்யா, எட்டுப் பேர் பந்தோடு எதிரே ஓடிவரும்போதுகூட நான் உட்கார்ந்ததில்லையே. நிழலுக்காகவா உட்காருவேன்?

அன்று சாயங்காலமே வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் முனுசாமி வந்தார். நம் ஆலையில் ஒப்பந்தத்தில் மூட்டை தூக்குகிறவர். நிரந்தர அட்டை இல்லாதவன் கம்பெனி அணியில் ஆட முடியாது என்பதால், தாங்களே ஓர் அணி சேர்த்திருக்கிறார்கள். கட்டக்கடைசி டிவிஷன். “அண்ணாத்தே, பத்துப் பேரு கீறோம். பின்னால நிக்கத்தான் ஆளில்ல” என்றார்.

அவர்களோடு ஆடினால், ஷிப்டிலிருந்து முன்னதாகக் கிளம்ப எனக்கு மேட்ச் பர்மிஷன் கிடையாது. கிட் ரூம் சாவியும் கிடையாது. காலை ஆறு மணி ஷிப்டு முடித்து, வெந்த உடம்போடு ரயிலேறிப் போய் ஆட வேண்டும். முப்பத்தேழு வயதில் முடியுமா? என் மனைவி ஞானம்மாவிடம் கேட்டேன். “ஊட்ல குந்திக்கினு ரேடியோவுல கமென்ட்ரி கேட்டு என் உயிர வாங்குவ. போய் ஆடு. பனியன நான் தோய்ச்சுக்கறேன்” என்றாள். இதோ, தாய்மார்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள்.

பெயர் பதிய நாளைதான் கடைசி நாள். இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது படிவம். நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். முனுசாமி, எண்ணிக்கொள்ளுங்கள், பதினொன்று.

அதோ, கேட்கிறதா? ஐந்து மணிச் சங்கு. பாருங்கள், முன்வரிசையில் பாதிப்பேர் எழுந்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி நின்றவன்தான். இப்போது என் காலைப் பாருங்கள். இரண்டடி பின்னால் போயிருக்கிறதா? ஓரடி? ஓர் அங்குலம்?

ஊதட்டும். ஒரு முறை சங்குக்கு நின்றேன், ஏழு வருடம் அதற்கு விலை கொடுத்தேன். இனி எந்தச் சங்குக்கும் இந்தக் கால் நிற்காது. தானே ஓய்கிற நாளில் நானே வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதுவரை, அய்யா, அந்தப் பொன்னாடையை மடித்து வையுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வேலியைப் பிடித்தபடி நின்று கேட்ட என் புதிய அணிக்கும் நன்றி சொல்லி, வணங்கி, இந்த மேடையிலிருந்து மட்டும் இறங்குகிறேன்.