கேடயம் மேசையிலேயே இருக்கட்டும்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேன்மைமிகு அதிகாரிகளே, நான்கு நடுநிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியப் பெருமக்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் கைக்குழந்தையோடு நிற்கும் என் தங்கைகளே, வணக்கம்!

வட்டாரத்தின் முதல் பள்ளிக்குக் கேடயம் வழங்க என்னை அழைத்தார்கள். "ரெண்டு வார்த்தை போதும் பெரியவரே" என்றார் தலைவர். நானோ மளிகைக்கடைக்காரன். பொட்டலம் மடிக்க வந்த பழைய தாள்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். இரண்டு வார்த்தையில் நிறுத்த எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை!

போன மாதம் என் மருமகள், "மாமா, பாப்பாவை எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம்?" என்றாள்.

"போன வருஷத் தரவரிசையில எது முதல்ல இருக்கோ, அதுல."

"மிளகாய் வாங்கினாக்கூட கிள்ளிப் பார்த்துத்தானே வாங்குவீங்க? பேத்தின்னா மட்டும் கண்ணை மூடிக்குவீங்களா?"

சுருக்கென்றது. கிளம்பினேன்.

முதல் பள்ளிக்குப் போனேன். பளபளக்கும் தரை, பளிச்சென்ற சுவர், நீலச் சீருடை. ஆனால் எட்டாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி! "மத்த பிள்ளைங்க எங்க சார்?" என்றேன். "தேர்வு நேரம் பாருங்க, தேறுற பிள்ளைங்களை வச்சு நடத்துறோம்" என்றார் தலைமை ஆசிரியர். அதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார். முகத்தைத் திருப்பாதீர்கள் ஐயா, சொன்னது நீங்கள்தானே?

நடுவில் உள்ள இரண்டையும் பார்த்துவிட்டுக் கடைசிப் பள்ளிக்குப் போனேன். ஒழுகும் கூரை. ஒரு பெஞ்சில் ஐந்து பேர். பச்சைச் சீருடைகளுக்கு நடுவே அங்கங்கே நீலம்! ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நீ அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணுல்ல?"

"ஆமா தாத்தா. பரீட்சைக்கு முன்னாடி இங்க அனுப்பிட்டாங்க. நான் எழுதினா மார்க் குறைஞ்சிடுமாம்."

"யாருக்கும்மா?"

"ஸ்கூலுக்கு."

அவையோரே, பள்ளிக்கு மார்க் குறையுமாம்! பிள்ளைக்காகப் பள்ளியா, பள்ளிக்காகப் பிள்ளையா?

அங்கிருந்த தலைமை ஆசிரியையிடம், "இவங்களைச் சேர்த்தா உங்க பேரு கெடாதா?" என்றேன். "கெட்டாச்சு சார். அதுக்காக வாசல்ல வந்து நிக்கிற பிள்ளையைப் போன்னு சொல்றதா?" என்றார்.

என் கடைச் சரக்கில் விலைபோகாததையெல்லாம் அடுத்த கடையில் தள்ளிவிட்டு, "பார், என் கடை எப்படி!" என்று மார் தட்டினால் காறித் துப்புவீர்கள். கடைச் சரக்குக்கே அப்படியென்றால் பிள்ளைகளுக்கு? ஒப்பிட்டது பள்ளிகளையா? இல்லை! வடிகட்டிய பள்ளியையும் வாரியணைத்த பள்ளியையும் ஒரே தராசில் வைத்தீர்கள். வடிகட்டியது உயர்ந்தது. வாரியணைத்தது தாழ்ந்தது. தராசு யாருடையது?

யாரங்கே, "பெருசு, உட்காரு" என்பது? உட்காருகிறேன் தம்பி. ஒன்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருகிறேன். கடைசியாக வந்த பள்ளியை வரும் ஆண்டு மூடப்போவதாக இதே மேடையில் சற்றுமுன் அறிவித்தார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். முதல் பள்ளி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டது. கடைசிப் பள்ளியையும் மூடிவிட்டால் அவள் எங்கே போவாள்? சொல்லுங்கள், எங்கே போவாள்?

தலைவர் அவர்களே, துண்டுச் சீட்டு வேண்டாம், முடித்துவிட்டேன். இந்தக் கேடயத்தை நான் கொடுக்கமாட்டேன். முன்வரிசை ஐயா, அனுப்பிய பிள்ளைகளை அழைத்து வந்து, அவர்களையும் உட்கார வைத்துத் தேர்வு நடத்திவிட்டு வாருங்கள். அதுவரை இது மேசையிலேயே இருக்கட்டும்.

என் பேத்தியைக் கடைசிப் பள்ளியில் சேர்த்தாயிற்று. இன்று காலைதான். பெஞ்சில் ஆறாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறாள். பூட்டு எடுத்து வருகிறவர்கள் அவளை எழுப்பிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அதற்கு முன் வாசலில் என்னை எழுப்ப வேண்டும். நான் லேசில் எழுந்திருக்கிற ஆள் இல்லை!

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் கேட்டவர்களுக்கு இன்னும் பெரிய நன்றி. வணக்கம்.