பாண்டிச்செல்வி வராத கிரவுண்டு

— காலு வலின்னா நான் நம்புவேனாண்ணே? அந்தக் காலோடதேன போன வாரம் கிரவுண்டச் சுத்திச் சுத்தி ஓடுச்சு பாண்டிச்செல்வி.

— வலி என்ன சொல்லிட்டா வருது சார்? விடுங்க.

— சரி, வலியே இருக்கட்டும். ஓட வேணாம், பேட்டு பிடிக்க வேணாம். சும்மா வந்து நின்னு பந்தை மட்டும் போடட்டும். ஞாயித்துக்கெழமை செலக்சன்ணே. மதுரைக் காலேஜுல இருந்து ஆளு வந்து ஒக்காந்து பாக்கப் போறாங்க. நல்லாப் போட்டுச்சுன்னா சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. சாப்ட்பால் ஆடுற பிள்ளைக்கு இந்தப் பக்கம் யாருண்ணே கூப்புட்டு சீட்டு குடுக்கிறா?

— தெரியும் சார். நீங்க முன்னமே சொன்னீங்க.

— தெரிஞ்சுமா இப்பிடிக் கையக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறீங்க? ஆமா, நீங்க என்ன இங்க? இன்னைக்கிக் கொத்து வேலைக்குப் போகலையா?

— போகல.

— மதுரைக்கு வாரீங்கன்னா ஏறுங்க, நம்ம வண்டிதேன். போயிக்கிட்டே பேசுவோம்.

— இல்ல சார். நான் எங்கிட்டும் போகல.

— மாப்ள! அருளு! டீயக் குடிச்சமா ஏறுனமான்னு இல்லாம அங்க என்னடா பேச்சு? கண்டக்டரு இல்லாம உள்ள சனம் வேகுது.

— இந்தா வந்துட்டேன் சுருளி மாமா. ரெண்டே வார்த்தை.

— நீ ரெண்டு வார்த்தைன்னா வண்டி செக்கானூரணி போயிரும். சட்டுனு வா.

— அவரு கெடக்காரு, டிரைவருன்னாலே அப்பிடித்தேன். நீங்க ஒரு நிமிஷம் கேளுங்கண்ணே. உங்க மகள நான் எப்பிடிக் கண்டுபிடிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா?

— அது சொல்லும். பந்து என்னமோ ரோட்டுக்குப் போச்சுன்னு.

— ஆமா. ஸ்கூல் காம்பவுண்டத் தாண்டிப் போயிருச்சு. எவளோ ஒரு பிள்ளை ரேசன் பைய எடுப்புல வச்சுக்கிட்டு, ஒத்தக் கையால எடுத்து வெளிய இருந்தே விட்டுச்சு. நேரா கேட்சர் க்ளவுஸுல வந்து டப்புன்னு விழுந்துச்சுண்ணே. அன்னைக்கி க்ளவுஸ மாட்டிக்கிட்டு நின்னது என் மக நாகஜோதிதேன். 'யப்பா, கை செவந்துபோச்சுப்பா'ன்னு சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரல. காலேஜு படிக்கையில நானும் அம்புட்டு நாளு ஆடிருக்கேன், அப்பிடி ஒரு வீச்ச நான் பாத்ததில்ல.

— உங்க பாப்பா இப்ப ஆடுறதில்லையாக்கும்?

— நாகஜோதியா? இல்ல, நிறுத்திட்டேன். டீமுல சேத்தா 'சொந்த மகளுக்காகத்தேன் இம்புட்டுப் பாடும் படுறான்'னு ஊரு பேசும். பத்தாவதுக்கு வந்துட்டா, படிக்கட்டும்னு விட்டுட்டேன்.

— அதுக்கு ஆட ஆசை இருந்துச்சோ என்னமோ.

— இருந்தா சொல்லியிருப்பாள்ல? அவ ஒண்ணும் சொல்லல. க்ளவுஸக் குடுன்னேன், குடுத்துட்டா.

— ஒண்ணுமே சொல்லலையா?

— இல்லண்ணே. அவ அப்பிடித்தேன், அமைதி. அவ பேச்ச விடுங்க, பாண்டிச்செல்வி பேச்சுக்கு வாங்க.

— தங்கச்சிக்கு இப்ப எப்பிடி இருக்கு?

— யாருக்கு, என் வீட்டுக்காரி சத்யப்ரியாவுக்கா? நல்லாருக்கா.

— தையல் பிரிச்சாச்சா?

— பிரிச்சாச்சுன்னுதேன் நெனைக்கிறேன். அன்னைக்கி எனக்கு டபுள் டூட்டி, அவதேன் போய்ட்டு வந்தா. ஆமா, ஆபரேசன் நடந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் வெளிய யாருகிட்டயும் சொல்லலையே.

— கேள்விப்பட்டேன் சார்.

— கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கண்ணே. தேதி குடுத்தது முன்னப் பின்ன மாறிப்போச்சு. அன்னைக்கின்னு பாத்து நான் கரூர்ல நிக்கிறேன், பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு. செமி பைனலு. அத்தனை பொம்பளப் பிள்ளைகள அசலூருல விட்டுட்டு எப்பிடி வர்றது? ஆஸ்பத்திரில நாகஜோதிதேன் கூட இருந்தா. என் மாமியா அன்னக்கொடி மறுநாத்தேன் வந்து சேந்துச்சு.

— அந்த ராத்திரி அந்தப் பாப்பா ஒத்தையிலதேன் இருந்துச்சாக்கும்.

— சமாளிச்சுக்கிட்டா. நான் போன்ல பேசிக்கிட்டேதேன் இருந்தேன். அன்னைக்கி உங்க மக போட்ட போடு இருக்கே! எதுத்த டீமுல ஒருத்தி பேட்டத் தூக்கல. ஜெயிச்சு முடிச்சு 'அம்மா நல்லாருக்காங்களா சார்?'னு மொதல்ல கேட்டதும் அதுதேன்.

— அது கேக்கும்.

— எனக்கும் குடும்பம் இருக்குண்ணே, நான் இல்லங்கல. விடியக்காலம் கிரவுண்டு. மத்தியானம் வண்டி ஏறுனா கடைசி ட்ரிப்பு முடிச்சுத்தேன் எறங்குறேன். இதுக்குன்னே டெப்போவுல கால்ல விழுந்து இந்த டூட்டிய வாங்கிருக்கேன். நான் வீட்டுக்குப் போகையில பிள்ளைக தூங்குது, நான் கெளம்புறப்பவும் தூங்குது. சின்னவன் முகேஷ் இருக்கான்ல, அன்னைக்கி ஒரு நா லீவுல வீட்டுல இருந்தேன், 'ஏம்ப்பா வேலைக்குப் போகல, சண்டையா?'ன்னு கேக்கிறான். எதுக்கு இம்புட்டும்? எனக்கு ஒரு கூலி உண்டா? ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை மேல வந்துட்டாப் போதும்ணே. நான் வர முடியல. அந்தப் பிள்ளையாச்சும் வரட்டும்.

— உங்க மனசு எனக்குத் தெரியாதா சார்? உங்கள நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

— அப்பறம் ஏண்ணே அனுப்ப மாட்டேங்கிறீங்க? அது இல்லாட்டி டீமே இல்ல. பந்து போட வேற ஆளு கெடையாது. இந்த ஒரு வாரத்துலயே பாதிப் பிள்ளைக வரல. மிச்சம் இருக்கிறதும் நின்னுக்கும்.

— நின்னுக்குமா சார்?

— நின்னுரும். அதோட முடிஞ்சுச்சு. இன்னமே எவன் சொன்னாலும் இதுல எறங்க எனக்குத் தெம்பு இல்ல.

— ம்.

— என்னண்ணே, 'ம்'முங்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. அதுகூட யோசிச்சுத்தேன் இருக்கும் போல.

— எது? யாரு யோசிச்சா? அண்ணே, இங்க பாருங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. யாரும் வந்து எதுவும் சொன்னாங்களா?

— யாரு வாரா எங்க வீட்டுக்கு?

— என் மச்சினன் முத்துப்பாண்டி வந்தானா? போன மாசம் வீட்டுல வந்து குதிச்சான். 'அந்தத் தெருப் பிள்ளைய வண்டியில முன்னாடி வச்சுக் கூட்டிக்கிட்டு அலையிறீக, நாலு பேரு என்னையக் கேக்கிறான்'னு. செருப்பக் கழட்டிட்டேன்ணே நான். அவன்தேன? சொல்லுங்க.

— அவரு வரல.

— பயப்படாதீங்க. நான் இருக்கேன்.

— உங்க ஆளுக மெரட்டுறது எனக்கு என்ன புதுசா சார்? அதுக்குப் பயந்தவன்னா மொத நாளே அனுப்பிருக்க மாட்டேன். எம்மக அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு, முதுகுல நம்பரோட தெருவுல நடந்து வரும் பாருங்க. அதைப் பாக்கிறதுக்குன்னே நான் வேலைக்கு லேட்டாப் போயிருக்கேன்.

— அப்ப அனுப்புங்கண்ணே! இந்தா, நாளைக்கிக் காலையில நானே வண்டியெடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வாரேன். நான் நேர்ல கூப்புட்டா அது மறுக்காது.

— மறுக்காது சார். அதுக்குத்தேன் அது பயந்துச்சு.

— என்ன சொல்றீங்க?

— வராதீங்க. அது வீட்டுல இல்ல.

— எங்க போச்சு?

— நீங்க வண்டிய உள்ள கொண்டாரப்ப எதுத்தாப்புல திருப்பூர் வண்டி வெளிய போச்சுல்ல.

— போச்சு. சுருளி மாமா ஒதுங்கிக் குடுத்தாரு.

— அதுலதேன் போகுது. சன்னலோரம்தேன் எடம் பிடிச்சுக் குடுத்தேன். உங்க வண்டியக் கண்டதும் தலையக் கீழ போட்டுக்கிருச்சு.

— அண்ணே.

— பனியன் கம்பெனி. அதோட சித்தி சோணையம்மா அங்கிட்டுத்தேன் இருக்கா. அவதேன் பேசி வச்சிருக்கா.

— என்னண்ணே இது? என்ன காரியம்ணே செஞ்சிருக்கீங்க? ஞாயித்துக்கெழமைண்ணே! இன்னும் எண்ணி நாலு நாளு இல்ல! இருங்க. இருங்க, போன் போடுறேன். அந்த வண்டிக் கண்டக்டரு காளை நமக்குத் தெரிஞ்ச பையன். வத்தலக்குண்டுல எறக்கி நிறுத்தி வையின்னா வைப்பான். நான் ஆளு அனுப்பிக் கூட்டியாரேன்.

— நிறுத்துவாரு சார். அது எறங்காது.

— ஏன் எறங்காது?

— நான் மட்டும் சொல்லலைன்னா நெனைக்கிறீங்க? கெஞ்சிட்டேன். ஒரு நா கைய ஓங்கிட்டேன், அப்பிடி நான் செஞ்சதே இல்ல. 'இங்கன இருந்தா சாரு வந்து கூப்புடுவாருப்பா, அவரு கூப்புட்டா என்னால வரலன்னு சொல்ல முடியாது. கண்ணுல படாத தூரம் போயிர்றேன்'னுச்சு. ஒரே பிடி.

— நான் என்ன பண்ணேன் அதுக்கு? என்ன கொறை வச்சேன்?

— நீங்க ஒண்ணும் கொறை வைக்கல சார். நீங்க அதுக்குச் செஞ்சத நான் செஞ்சதில்ல.

— மாப்ள! நான் வண்டிய எடுக்கிறேன்டா, நீ நடந்து வா!

— ஒரு நிமிஷம் மாமா! ஒரு நிமிஷம்! அண்ணே, எவனோ வந்து அந்தப் பிள்ளை மனசக் கலைச்சிருக்கான். எவன்னு சொல்லுங்க. என் ரத்த சொந்தமா இருந்தாலும் சரி, இன்னமே அவன் என் வாசல மிதிக்கக் கூடாது. செத்தாலும் நான் மூஞ்சியில முழிக்க மாட்டேன். இது என் பிள்ளைக மேல...

— சார், சார்! வாய விட்றாதீங்க. பிள்ளைக மேல எல்லாம் சொல்லாதீங்க.

— அப்ப வந்தாங்க. யாரோ வந்தாங்கதேன?

— வந்துச்சு.

— யாரு?

— ஒத்தையிலதேன் வந்துச்சு, டவுன் பஸ்ஸப் பிடிச்சு. நல்ல வெயிலு. எங்க வீடு தெரியாம அந்தத் தெருப்பூரா கேட்டுக் கேட்டு வந்திருக்கு. செருப்ப வெளிய விட்டுட்டு நேரா உள்ள வந்து தரையில ஒக்காந்துச்சு. நான் பதறிப்போனேன். தண்ணி குடுக்கலாமா வேணாமான்னு நிக்கிறேன், அதுவா பானையில மோந்து குடிச்சுச்சு. உங்க ஆளுக எங்க வீட்டுக்குள்ள வந்து தண்ணி குடிச்சு நான் பாத்ததில்ல சார்.

— பொம்பளையா?

— என்னையப் பெரியப்பான்னு கூப்புட்டுச்சு.

— பெரியப்பாவா?

— நீங்க என்னைய அண்ணேங்கிறீங்கல்ல. அந்த மொறையில.

— இல்லண்ணே. இருக்காது.

— அது அழுகலாம் இல்ல. சண்டையும் பிடிக்கல. அம்மாவுக்கு ஆபரேசன் ஆனதச் சொல்லுச்சு, ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒக்காந்திருந்ததச் சொல்லுச்சு. எம்மக அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தேன் இருந்துச்சு. வெளிய வரல. அது போனப்பறம் சோறு திங்கல, பேசல. விடிஞ்சதும் திருப்பூருக்குப் போறேன்னு வந்து நிக்கிது.

— மாப்ள, என்னடா ஆச்சு? ஏன் இப்பிடி ஒக்காந்துட்ட? மலைச்சாமி, என்னய்யா சொன்ன இவன்கிட்ட?

— ஒண்ணுமில்லங்க. கூட்டிக்கிட்டுப் போங்க. சார், எந்திரிங்க. சனம் பாக்குது.

— என்னண்ணே கேட்டுச்சு?

— வேணாம் சார். வண்டி நிக்கிது.

— சொல்லுங்கண்ணே. என் மக உங்ககிட்ட என்ன கேட்டா?

— 'எங்க அப்பாவ வீட்டுக்கு அனுப்பிவிடுங்க பெரியப்பா'ன்னு கேட்டுச்சு சார்.