ஒயர் தெரியாத சுவர்

டிவி வாங்குகிறவர்கள் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்து வாங்குகிறார்கள். பின்னால் எட்டிப் பார்க்கிற வழக்கம் பெரும்பாலும் கிடையாது. எனக்கு உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் எல்லோரும் கை கழுவப் போகிற நேரத்தில் நான் டிவிக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். அந்தக் குடும்பத்தின் லட்சணம் அங்கே தெரிந்துவிடும்.

நேற்று நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை மறுபடி இந்த ஸ்டேஷனுக்கு வரவழைத்தது. "அந்த ஒயர் வேலையெல்லாம் எலக்ட்ரீஷியன் பண்ணதுதானே" என்றீர்கள். என் மனைவியும் தலையாட்டினாள். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் செய்தது டிவியைச் சுவரில் மாட்டியது மட்டும். அதிலும் ஓர் ஓரம் இறங்கியிருந்தது. பிறகு நான்தான் சரிசெய்தேன். ஒயர் வேலை முழுக்க என்னுடையது. அந்தப் பெயர் அவருக்குப் போவது நியாயமில்லை.

எங்கள் ஹால் முன்பு எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்ததில்லை. டிவி, ஸ்பீக்கர், செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் பெட்டி, மகளுடைய கேம் பெட்டி, அதற்கு ஒரு சார்ஜர். அத்தனை ஒயரும் பின்னிப் பிணைந்து, சீப்பே படாத தலை மாதிரி தொங்கும். நான் வேலை விட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தால் கண் படத்துக்குப் போகாது, அதற்குக் கீழேதான் போகும். மனைவியிடம் சொன்னால், "படத்தைப் பாருங்க. ஒயரை யாரு பாக்கச் சொன்னா?" என்பாள்.

அவளுடைய அப்பா எங்களோடுதான் இருந்தார். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்தே பழகியதாலோ என்னவோ, யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டார். எனக்கும் மாமாவுக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஒருமுறை மாடிப்படியில் விழுந்த பிறகு, மனைவி அவருக்கு ஒரு பட்டன் வாங்கிக் கொடுத்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்வது. அமுக்கினால் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி அலறும். அந்தப் பெட்டியிலிருந்தே அவளுடைய போனுக்கும் அழைப்பு போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெட்டியின் ஒயர் வெள்ளை.

மற்றதெல்லாம் கறுப்பு.

வேறு இடத்தில் வைக்கலாமே என்று பக்குவமாகத்தான் கேட்டேன். "அது ஹால்லயே இருக்கட்டும். வீட்ல எந்த மூலைல இருந்தாலும் கேக்கும்ல?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். வீட்டில் குரலை உயர்த்துகிற ஆள் நான் இல்லை.

பிறகு ஒரு விடுமுறை நாளில் கேசிங் வாங்கி வந்தேன். ஒயர்களை உள்ளே படுக்கவைத்து மேலே மூடி போடுகிற நீளமான பிளாஸ்டிக் பட்டை. ஒவ்வொரு ஒயராகத் துடைத்து, தேவையான நீளம் விட்டு, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி உள்ளே அடுக்கினேன். மூடியை அமுக்கினால் ஏறவில்லை. ஓர் ஒயர் அதிகம். எதை எடுப்பது என்று நிதானமாக யோசித்தேன். கேமை எடுத்தால் மகள் சாப்பிட மாட்டாள். இன்டர்நெட்டை எடுத்தால் மனைவியின் வேலை நிற்கும். மாமாவின் பெட்டியோ வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அலறியதில்லை. அதைப் பிடுங்கி, வெள்ளை ஒயரை அழகாகச் சுற்றி, கீழே டிராயரில் வைத்தேன். பேட்டரியையும் கழற்றினேன். சும்மா கிடந்தால் கசிந்துவிடும்.

மாமா வந்து பார்த்தார். "சுவரே புதுசாயிடுச்சு மாப்பிள்ளை" என்றார். ரசனை உள்ள மனிதர். பிறகு, "நம்ம பெட்டி எங்க?" என்று கேட்டார்.

"உள்ள மறைச்சு வச்சிருக்கேன் மாமா."

"ஒருதடவ அமுக்கிப் பாத்துடவா?"

"வேண்டாம் மாமா. அக்கம்பக்கத்துல பயந்துடுவாங்க."

சரிதான் என்று பட்டனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். மாமா எப்போதும் அடுத்தவர்களை நினைக்கிறவர்.

சம்பவத்தன்று மனைவியும் மகளும் செருப்பு வாங்கப் போயிருந்தார்கள். மாமா குளிக்கப் போனார். நான் கேசிங்கின் கடைசித் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். தரையை ஒட்டி, பிளக் வரை போகிற துண்டு. அந்தப் பசை ஒரு மாதிரி. வைத்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் பட்டை கோணிக்கொள்ளும், பிறகு பெயர்த்தால் சுவரின் பெயின்ட்டோடு வரும்.

பாத்ரூமில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து, "மாப்பிள்ளை" என்றார்.

"வர்றேன் மாமா" என்றேன்.

மறுபடி கூப்பிட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இதோ மாமா, ஆயிடுச்சு" என்றேன். பிறகு குளிக்கிற மக்கால் தரையைத் தட்டுகிற சத்தம் வந்தது. "கேக்குது மாமா" என்றேன். அவர் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றாமல் இல்லை. பெட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில் டிராயரில்தான் இருந்தது. ஆனால் என் இரண்டு கையும் பட்டையில் இருந்தன.

பசை பிடித்த பிறகு கையை எடுத்தேன். ஓரத்தில் பிதுங்கியதைத் துணியால் வழித்தேன், காய்ந்தால் கறையாகிவிடும். மூடி ஒரே அமுக்கில் ஏறியது. தட்டுகிற சத்தம் அதற்குள் நின்றிருந்ததால், அவரே எழுந்து சமாளித்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் ஒயர்கூடத் தெரியவில்லை. அந்த வீட்டில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மனைவி போன் செய்தாள். "அப்பாவுக்கும் ஒரு ஜோடி எடுக்கறேன். அளவு கேளுங்களேன்."

"குளிக்கிறாரு" என்றேன்.

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவர்கள் திரும்பி வரும்வரை விழுந்துகொண்டிருந்தது. பாத்ரூம் கதவைத் திறந்தது மனைவிதான்.

கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அந்தச் சுவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ போன் சார்ஜரைச் செருகி, அதை அப்படியே தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டி டிராயரில் கிடப்பதை மனைவி பார்த்தது அதற்குப் பிறகுதான்.

எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டியைப் பிடுங்கியது நான். பேட்டரியை எடுத்தது நான். அவர் விழுந்தது தெரிந்தும் எழுந்து போகாமல் இருந்தவனும் நான்தான். இதில் மறைக்க எனக்கு எதுவும் இல்லை.

மனைவியிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவள் காது கொடுப்பதில்லை. அவள் அப்பாவை நான் கவனிக்காமல் விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அபாண்டம். அவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.