காரணம் எழுதும் கட்டம்

கினுயோ: என்னண்ணே, ரயில்வேக்காரன் குடுத்த சீட்டையே முறைச்சுக்கிட்டிருக்கீங்க? பரீட்சையா எழுதுறீங்க?

முனேஜி: பேரு எழுதியாச்சு. வயசு எழுபத்தாறு, அதுவும் ஆச்சு. கடைசியில 'பயணத்தின் காரணம்'னு ஒரு கட்டம் வச்சிருக்கான் பாரு...

கினுயோ: முழங்கால்னு எழுதுங்க. மினாசாவா ஆஸ்பத்திரிக்குத் தினம் கரண்ட் வைக்கத்தானே போறீங்க.

முனேஜி: நீ எழுதிட்டியா?

கினுயோ: எப்பவோ.

முனேஜி: காட்டு.

கினுயோ: மாட்டேன். அடுப்புப் பக்கம் நகர்ந்து உக்காருங்க. காலுக்குக் குளிர் ஆகாது.

முனேஜி: உனக்கென்ன. புருஷன் முதியோர் இல்லத்துல படுத்திருக்காரு, சோறு ஊட்டப் போறேன்னு எழுதினா ரயில்வேக்காரனுக்கே மனசு இளகிடும்.

கினுயோ: மொத்தமே ரெண்டு சீட்டு. இதுல இளக என்ன இருக்கு?

முனேஜி: தினம் ரெண்டு பேர் ஏறினாப் போதும்னு ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கான்ல. ஒரே ஆளுன்னா மார்ச்ல வர்ற புது அட்டவணையில நம்ம ஸ்டேஷன் இருக்காது. வண்டி நிக்காமப் போயிடும்.

கினுயோ: அதான் ரெண்டு பேர் இருக்கோமே.

முனேஜி: ...இருக்கோம்.

கினுயோ: ஏன் இழுக்குறீங்க?

முனேஜி: முப்பது வருஷம் இந்தத் தண்டவாளத்துல பனி தள்ளினவன் நான். இவங்களுக்குப் பொய்யெழுதக் கை வரமாட்டேங்குது, கினுயோ.

கினுயோ: என்ன பொய்?

முனேஜி: கால் சரியாகி ஒன்றரை வருஷம் ஆச்சு.

கினுயோ: ...அப்ப தினம் எங்க போறீங்க?

முனேஜி: மினாசாவால இறங்கி ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ். அப்புறம் பெஞ்சுல தூக்கம். சாயங்காலம் உன்கூடத் திரும்பிடறேன்.

கினுயோ: நொண்டி நொண்டி நடந்தீங்களே...

முனேஜி: உன் முன்னாடி மட்டும். ஒருநாள் நொண்டுற கால் மாறிப்போச்சு. நல்லவேளை, நீ பார்க்கல.

கினுயோ: பார்த்தேன். ரெண்டு காலும் போச்சோன்னு ராத்திரி முழுக்கத் தூங்கல.

முனேஜி: என்ன செய்யச் சொல்ற? நான் நின்னுட்டா நீ ஒருத்திதான். வண்டி போயிட்டா உன் புருஷன் கெங்கிச்சிக்கு யாரு ஊட்டுவா? பாவம், இப்பவே அவருக்குச் சோறு இறங்கல. நீ கொண்டுபோற சேப்பங்கிழங்கு டப்பா தினம் அப்படியே திரும்பி வருது. சாயங்காலம் அதைத் திங்கிறவன் நான்.

கினுயோ: அந்த டப்பாவைப் பத்திப் பேசாதீங்கண்ணே.

முனேஜி: அழாதம்மா. கோபம்னா திட்டிடு. வண்டி வருது, கேட் மணி அடிக்குது பாரு, சீட்டைப் பெட்டியில போடணும்.

கினுயோ: முதல்ல என் சீட்டைப் படிங்க.

முனேஜி: 'முனேஜி அண்ணனுடைய முழங்கால்.' ...இதென்ன? என் காலை எதுக்கு நீ எழுதினே? கெங்கிச்சி பேரு எங்க?

கினுயோ: அவர் ஏப்ரல்லயே போயிட்டாருண்ணே. மக ஊருலயே காரியமெல்லாம் முடிச்சுட்டோம். இங்க யாருக்கும் சொல்லல. சொன்னா, இனி நீ ஏன் ஏறணும்னு கேப்பீங்க. நான் ஏறலன்னா... அந்தக் காலை வச்சுக்கிட்டு நீங்க எப்படிப் போவீங்க?