நற்கருணை நேரத்தில் வந்த குரல்

பூசை மூன்று மணிக்கென்றால் நான் இரண்டே காலுக்கே கோயில் வாசலில் நிற்பவன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் பிந்தியதில்லை. பனி முழங்கால் மட்டும் கொட்டி ட்ராம் நின்றுபோன ஞாயிறுகூட நடந்து வந்து, பாட்டுப் புத்தகங்களைச் சனம் இருக்கும் வாங்குகளில் அடுக்கிவிட்டு ஈரச் சப்பாத்தோடு நின்றேன். பெருமைக்காக இதை எழுதவில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்ன பங்குச் சபையின் மூன்று பேருக்கும், எழுதுகிறவன் எப்படிப்பட்டவன் என்று முதலில் தெரிய வேண்டும்.

என் பெயர் சவிரிமுத்து. வயது அறுபத்து மூன்று. பீலெஃபெல்டில் ஜெர்மன்காரர் தங்கள் கோயிலை ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்குத் தருகிறார்கள். அந்தத் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவை நடத்துகிறவன் நான். எனக்குப் பிறவியிலேயே குரல் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. என்னுடையது உழைத்து வாங்கின குரல். காலை ஐந்தரைக்கு எழும்பி, கீழ்வீட்டு ஜெர்மன் மனுசி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிக்கும்வரை பயிற்சி செய்வேன். மிச்சத்தைக் காருக்குள் இருந்து செய்வேன்.

குரலோடு பிறக்கிறவர்களைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தாலந்து உவமை உங்களுக்குத் தெரியும். எஜமான் ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போகிறார். ஐந்து வாங்கினவன் அதைப் பத்தாக்கிப் பாராட்டு வாங்குகிறான். ஒன்றை வாங்கினவன் புதைத்துவிட்டுத் திட்டு வாங்குகிறான். ஆனால் ஒன்றை வாங்கி, அதைப் புதைக்காமல், தினமும் ஐந்தரைக்கு எழும்பி மினுக்கிக்கொண்டிருந்த ஒருவன், ஐந்துக்காரனோடு ஒரே வரிசையில் நின்று பாட நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. அதை நானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

திறமை கடவுள் தந்தது. ஆகவே திறமைக்காரருக்கு அதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. புண்ணியம் இல்லாத இடத்தில் புகழ் சேர்ந்தால் ஆணவம் வரும், ஆணவம் வந்தால் ஆன்மா போகும். அப்படியென்றால் அவர்களை அவர்களுடைய திறமையிலிருந்து யாராவது காப்பாற்ற வேண்டும். வேறு யாரும் முன்வராததால் நான் செய்தேன்.

கிருசாந்தி ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், இரண்டு கையாலும் கீபோர்டில் வாசித்துவிடுவாள். ஆனால் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அத்திவாரம் இல்லாத வீடு என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நகர நூலகத்திலிருந்து நானூறு பக்க ஜெர்மன் இசைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதை முடிக்கும்வரை கீபோர்டைத் தொட வேண்டாம் என்றேன். அது ஆறு வருடத்துக்கு முந்தி. இப்போது நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நிற்கிறாள். மிகவும் தாழ்மையான பிள்ளை. பாட்டு ஒழுங்கைத் தாளில் எழுதிக் கொடுக்கிற வேலையைப் பார்க்கிறாள்.

அதற்கு முந்தி, பக்கத்து ஊரிலிருந்து வந்து கட்டைக் குரலில் பாடிய ஒருவர் இருந்தார். நீங்கள் பாடினால் சனம் கடவுளை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கிறது என்று கிழமைக்கு ஒருமுறை அன்பாகச் சொல்லிவந்தேன். இப்போது அவர் குளிக்கும்போதுகூடப் பாடுவதில்லை என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நன்றியில் என்று நினைக்கிறேன்.

ஜசிந்தா போன வருடம் வந்தாள். வயது முப்பத்து நாலு, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை. யாரையும் தொந்தரவு செய்யாத பிள்ளை. பேருந்தில்கூட இறங்குகிற பொத்தானை வேறு யாராவது அழுத்தட்டும் என்று காத்திருந்து, ஒரு தரிப்பு தள்ளிப்போய் இறங்கி நடந்து வருவாள். முதல் ஞாயிறு அவளைத் தியானப் பாடல் பாடவிட்டேன். இரண்டாவது அடியில், கோயில் சாவி வைத்திருக்கும் ஜெர்மன்காரர் ஹெர் புரூக்மன் மெழுகுதிரியை ஏற்றாமல் எரிகிற நெருப்புக்குச்சியோடு நின்று விரலைச் சுட்டுக்கொண்டார். பூசையில் நித்திரை கொள்வதற்கென்றே குழுவின் கடைசி வரிசையில் இருக்கும் பவளம் அக்கா முழித்துவிட்டார். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆபத்து எவ்வளவு பெரியது என்று அதில்தான் விளங்கியது.

சாதாரண வழிகளை முதலில் பார்த்தேன். பின்வரிசையில் நிறுத்தினேன். அங்கிருந்தும் கேட்டது. அவளுக்குப் பொருந்தாத சுருதியில் பாட்டைத் தொடங்கினேன். அவளுக்கு எல்லாச் சுருதியும் பொருந்தியது. ஆகவே ஒருநாள் பயிற்சி முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் தொண்டையைப் பார்த்தேன்.

“பிள்ளை, உள்ளுக்கு ஏதோ வீக்கம் மாதிரிக் கிடக்கு,” என்றேன். “டொக்டரிட்டக் காட்டும்வரைக்கும் பாடாதையும். கதைக்கிறதையும் குறையும்.”

உள்ளே ஒன்றும் இல்லை. நல்ல ஆரோக்கியமான தொண்டை. ஆனால் இந்த நாட்டில் தொண்டை வைத்தியரிடம் டெர்மின் எடுத்தால் முறை வரப் பதினாலு கிழமை ஆகும். இங்கத்தைய வைத்திய ஒழுங்கைப் பலர் குறை சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன்.

பதினாலு கிழமையும் அவள் பாடவில்லை. வேலையில் குசுகுசுத்தாள். முதியோர் இல்லத்தில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. அவர்களுக்காக ஒரு கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாளாம். அவளுடைய தாய் தொண்டையில் புற்றுநோய் வந்து செத்தவர் என்பது எனக்கு ஒன்பதாவது கிழமைதான் தெரியவந்தது. அந்த நேரத்தில் போய்ச் சொன்னால் வீண் குழப்பம் என்று விட்டுவிட்டேன். அவளுக்காகச் செபமாலை சொன்னேன்.

வைத்தியர் அவளிடம், இருபது வருடத்தில் இப்படி ஒரு நல்ல தொண்டையைப் பார்க்கவில்லை என்று சொன்னாராம். அவள் கேக் ஒன்று செய்து என் வீட்டுக்கே கொண்டுவந்து, நீங்கள் கவனித்துச் சொன்னதால்தான் காட்டினேன், இப்போது மனம் நிம்மதி என்று நன்றி சொன்னாள். பதினாலு கிழமை ஓய்வெடுத்த குரல் முன்னையிலும் நன்றாக இருந்தது. இதை நான் யோசிக்கத் தவறிவிட்டேன்.

பிறகு ஆயர் வருகிற செய்தி வந்தது. எங்கள் தமிழ்ப் பூசைக்கு இருபத்தைந்தாவது வருடம். பாதர் எல்லோருக்கும் முன்னால், நற்கருணைப் பாட்டை ஜசிந்தா தனியாகப் பாடட்டும் என்றார். இருபத்திரண்டு வருடமாக அதை நான்தான் தனியாகப் பாடிவந்தேன். “ஓம் பாதர்,” என்றேன். நான் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை.

அன்றைக்கு ஒலிபெருக்கிக்கு ஹம் நகரத்திலிருந்து ஐங்கரன் வந்திருந்தார். அவர் சைவம். அங்கத்தைய ஊன்ட்றொப் அம்பாள் கோயில் திருவிழாவுக்கும் அவருடைய பெட்டிகள்தான், எங்கள் மாதாவுக்கும் அவருடைய பெட்டிகள்தான். பூசையில் எதற்குப் பின் எது என்று அவருக்குத் தெரியாது. அதனால் கிருசாந்தி எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து மைக்குகளைத் திறந்து மூடுவார். ஜசிந்தாவின் சேலையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டு, உம்முடைய முறை வரும்போது நான் திறப்பேன் என்று சொல்லி, மேலே ஓர்கன் மாடித் தூணுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டார். அங்கிருந்து பாடகர் குழு தெரியாது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க, மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையிலிருந்து பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துவரும்படி ஜசிந்தாவை அனுப்பினேன். கிறிஸ்மஸ் குடிலின் சுருவங்களை வைக்கிற அறை அது. அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அவளுடைய தொலைபேசி பவளம் அக்காவிடம் கொடுத்த கைப்பைக்குள் இருந்தது. கொஞ்சம் தட்டியிருக்கிறாள். வருகைப் பாட்டை முழு ஓர்கனோடு வாசிக்கும்படி நான் முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்தேன். பாட்டு ஓய்ந்ததும் ஆயர் பேசத் தொடங்கிவிட்டார். ஆயர் பேசும்போது தட்டுகிற பிள்ளை அவள் இல்லை.

குழுவிடம், ஜசிந்தாவுக்குத் திடீரென்று தலைசுற்று, வீட்டுக்குப் போய்விட்டாள், நான் பாடுகிறேன் என்றேன். பவளம் அக்கா தன் மடியில் இருந்த அவளுடைய கைப்பையைப் பார்த்தார்.

நற்கருணை நேரம் வந்தது. மைக்குக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன்.

இந்த இடத்தை நான் கவனமாக எழுத வேண்டும். நான் வாயைத் திறந்ததும் கோயில் முழுக்க ஒரு குரல் நிறைந்தது. எந்தச் சிரமமும் இல்லாமல், தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வந்தது. நற்கருணை வாங்க வரிசையில் நின்ற சனம் நடக்க மறந்து நின்றது. ஆயர் கையில் அப்பத்தோடு தலையை நிமிர்த்தினார். அறுபத்து மூன்று வயதில் முதல்தரம் எனக்கு என் குரல் வலிக்கவில்லை. ஆண்டவர் கடைசியில் என் ஒரு தாலந்தைப் பார்த்துவிட்டார் என்று நினைத்து நானும் அழுதேன். மூன்றாவது அடியில் அழுகை கூடி வாயை மூட வேண்டி வந்தது.

பூசை முடிய ஆயர் என் இரண்டு கையையும் பிடித்து, ‘கொட்டெஸ்கபே’ என்றார். கடவுளின் கொடை என்று அர்த்தம். அவர் அதைப் பெண்குரல் என்று நினைத்ததாகவும், என்னைப் பார்த்தபின் இன்னும் வியந்ததாகவும் பாதர் சொன்னார். சனம் சுற்றி நின்று கை கொடுத்தது. பவளம் அக்கா மட்டும் கைகொடுக்காமல் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணை,” என்றார், “நீங்க வாயை மூடின பிறகும் பாட்டு நிக்கேல்லை.”

“அதுதான் அக்கா அற்புதம்,” என்றேன்.

இந்தக் கைகொடுப்புகளில் ஜசிந்தாவை ஐம்பது நிமிடம் மறந்துவிட்டேன். ஹெர் புரூக்மன் அந்தக் கதவுத் திறப்பு யாரிடம் என்று நாங்கள் கூடியிருந்த மண்டபத்துக்கு வந்து கேட்டபோது, என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. சூசையப்பருக்கும் கழுதைக்கும் நடுவில் ஒரு பெட்டியில் அவள் இருந்தாள். கதவு இறுகிப்போச்சுப் போல என்றாள். நான் இருபத்தேழு வருடம் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். அந்தப் பூட்டு தானாக இறுகாது என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். அதன் பிறகுதான் நீங்கள் மூன்று பேரும் கூடினீர்கள்.

ஐங்கரன் உங்களிடம் சொன்னதை நான் மறுக்கவில்லை. தாளில் ‘நற்கருணைப் பாட்டு, ஜசிந்தா, நாலாம் மைக்’ என்று இருந்தது. அவர் நாலாம் மைக்கைத் திறந்தார், மற்றதெல்லாவற்றையும் மூடினார், என்னுடையது உட்பட. ஜசிந்தா சொன்னதையும் நான் மறுக்கவில்லை. ஓர்கன் தொடங்கினது அவளுக்குக் கதவுக்குள்ளால் கேட்டது, மைக் சேலையில் இருந்தது, ஆயர் வந்த பூசை தன்னால் குழம்பக்கூடாது என்று இருந்த இடத்திலிருந்தே பாடினாள். இதெல்லாம் உண்மையாக இருக்கலாம்.

போன கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். தொண்டை விசயமும் அவளுக்கு இப்போது தெரியும். வீக்கம் ஒன்றும் இருக்கவில்லை என்று பாதரிடம் சொன்னதை நானே அவளிடமும் சொன்னேன்.

“அந்தப் பதினாலு கிழமையும் நான் சாகப்போறன் எண்டு நினைச்சனான் அண்ணை,” என்றாள். பிறகு, “உங்களுக்குப் பாட விருப்பமெண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமே. நான் விட்டுத் தந்திருப்பன்,” என்றாள்.

அவள் எவ்வளவு தாழ்மையாகிவிட்டாள் என்று நினைத்து எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கிருசாந்தியின் கையைக் கட்டினது நான். கட்டைக் குரல்காரரின் வாயை அடைத்தது நான். இல்லாத வீக்கத்தைச் சொன்னதும், கதவைப் பூட்டினதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குரல் என்னுடையது இல்லை என்ற ஒன்றை மட்டும் என்னால் ஏற்க ஏலாது. அது என் வாய்க்குள் இருந்து வந்ததை என் காதால் கேட்டேன். சனம் எடுத்த கைத்தொலைபேசிப் படத்தில் வாயும் பாட்டும் பொருந்தவில்லை என்கிறீர்கள். அந்தப் படங்கள் எப்போதும் பிந்தித்தான் ஓடும்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு பாடிப் பார்த்தேன். அந்தக் குரல் வரவில்லை. ஏன் என்று செபித்து யோசித்தேன். அருள் வருவதற்கு அதற்குரிய சூழ்நிலை வேண்டும் போல. அன்றைக்கு இருந்து இப்போது இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அந்த அறைத் திறப்பை எனக்கு ஒருமுறை தாருங்கள். ஜசிந்தாவிடம் கேட்டுவிட்டேன். அவள் ஓம் என்று சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. உள்ளே குளிர் என்பதால் ஒரு கதிரையும் போர்வையும் நானே கொண்டுவந்து வைப்பேன்.